214 கோடியில் நின்றுபோகும் எண்

கேள்வி: என் மகன் ஐந்தாம் படிவம் படிக்கிறான். அவன் விளையாடும் ஒரு கணினி விளையாட்டில் தங்கக் காசு 2,147,483,647-க்கு மேல் ஏறுவதே இல்லை. “இது பகா எண், அதனால்தான் அம்மா” என்கிறான். உண்மையா? இவ்வளவு பெரிய எண்ணைப் பகா எண் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
– ஒரு வாசகி, செந்தூல், கோலாலம்பூர்

பதில்: பகா எண்தான் சகோதரி, பையன் சரியாகச் சொல்லியிருக்கிறான். ஆனால் காசு அங்கே நிற்பதற்கு அது காரணம் இல்லை. பல கணினி நிரல்களில் ஓர் எண்ணுக்கு 32 பிட் இடம் உண்டு (பிட் என்பது 0 அல்லது 1 மட்டும் எழுதக்கூடிய ஓர் இடம்). அதில் ஒன்று நேரெண்ணா எதிரெண்ணா என்ற குறிக்குப் போய்விடும். மீதி 31 இடத்திலும் 1 நிரம்பினால் வருவதுதான் இந்த எண். அதாவது 31 இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தது. அது பகா எண்ணாக அமைந்தது தற்செயல். 16 பிட்டில் வரும் உச்சம் 32,767. அது 7 × 31 × 151. 64 பிட்டின் உச்சமும் 7-ஆல் வகுபடும். (1970 தொடக்கத்திலிருந்து நொடிகளை எண்ணிவரும் பழைய 32 பிட் கணினிகளும் இதே எண்ணில் முட்டும். நம் மலேசிய நேரப்படி அது 2038 ஜனவரி 19, காலை 11:14:07.)

இரண்டாவது கேள்விக்குத்தான் நான் காத்திருந்தேன். பினாங்கில் நான் நடத்தும் மாலை வகுப்பில் இந்த எண்ணைப் பலகையில் எழுதினால், பிள்ளைகள் உடனே 3, 7, 11 என்று வகுக்கத் தொடங்குவார்கள். வழி சரிதான். ஆனால் வர்க்கமூலம் வரை, அதாவது 46,340 வரை போக வேண்டும். அதற்குள் ஏறக்குறைய 4,800 பகா எண்கள் இருக்கின்றன.

பதினெட்டாம் நூற்றாண்டுக் கணித மேதை ஆய்லர் இதைச் சுருக்கிய விதம் அழகு. ‘ப’ என்ற பகா எண் இதை வகுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் 31 இரண்டுகளின் பெருக்கலை ப-ஆல் வகுக்க, மீதி 1. பெர்மா என்ற கணித அறிஞரின் விதிப்படி ப−1 இரண்டுகளைப் பெருக்கினாலும் மீதி 1 வரும். இப்படி மீதி 1 தரும் மிகச் சிறிய எண்ணிக்கை 31, ப−1 இரண்டையும் வகுக்கும். 31 பகா எண் என்பதால் அந்த எண்ணிக்கை 31-தான், ஆகவே ப−1 அதன் மடங்காக இருந்தே தீர வேண்டும். ப ஒற்றைப்படை, ஆகவே ப−1, 62-இன் மடங்கு. அப்புறம், 32 இரண்டுகளைப் பெருக்கினால் மீதி 2. அந்தப் பெருக்கலோ ஒரு முழு வர்க்கம். இப்படி வர வேண்டுமென்றால் ப-ஐ 8-ஆல் வகுக்கும்போது 1 அல்லது 7 மிஞ்ச வேண்டும் என்பது இன்னொரு விதி. இரண்டையும் சேர்த்தால், 248-ஆல் வகுத்து 1 அல்லது 63 மிஞ்சும் எண்களை மட்டும் பார்த்தால் போதும். 46,340-க்குள் அப்படிப்பட்டவை, 3-ஆல் வகுபடும் 63-ஐ விட்டால், 372. அவற்றிலும் பகா எண்கள் நூறைத் தொடாது.

1772-இல் இந்த முடிவு வெளியானபோது ஆய்லருக்குக் கண்பார்வை கிட்டத்தட்ட போய்விட்டிருந்தது. அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கும். அதன் பின் பல பத்தாண்டுகள் மனிதர் அறிந்த மிகப் பெரிய பகா எண் இதுவே.

உங்கள் மகனிடம் ஒரு கால்குலேட்டரைக் கொடுங்கள். முதலில் 311-ஆல் வகுக்கட்டும். மீதி 35 வரும். அடுத்தது 1,303, பிறகு 1,489. அதற்குப் பின் வருபவற்றை அவனே பட்டியல் போடட்டும். பள்ளி விடுமுறையில் முடித்துவிடக்கூடிய வேலைதான்.