தேசிக்காய்ப் பை (pie): கோதுமை மா, முட்டை, மாட்டுப்பால் இல்லாமல் – வாசகர் கேள்விகளுக்குப் பதில்

இரண்டு தடவை செய்தேன். வெட்டினால் நடுப்பகுதி கூழாக ஓடுகிறது. சோளமா போதவில்லையா? (நுவரெலியா)

மாவைக் கூட்டாதீர்கள், களியாகிவிடும். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே தண்ணீர் சுமார் 94 பாகையிலேயே கொதித்துவிடும். "ஒரு கொதி வந்ததும் இறக்கவும்" என்று கொழும்பில் எழுதிய செய்முறை உங்கள் அடுப்புக்குப் பொருந்தாது. குமிழ் விடத் தொடங்கியதும் தீயைக் குறைத்து, மாவின் பச்சை வாசனை போய்ப் பளபளப்பு வரும்வரை இன்னும் இரண்டு மூன்று நிமிடம் துழாவுங்கள்.

தேசிச்சாறை எப்போது ஊற்றினீர்கள் என்று எழுதவில்லை. தொடக்கத்திலேயே என்றால், பாதிக் காரணம் அதுதான். புளிப்போடு சேர்ந்து கொதிக்கிற மாவுக்குப் பிடிப்புப் போய்விடும். ஏழு அங்குலத் தட்டுக்கு நான் எடுக்கும் அளவு: தேங்காயின் முதற்பால் 400 மில்லிலீற்றர், சோளமா 40 கிராம், சீனி 100 கிராம், தேசிச்சாறு 100 மில்லிலீற்றர், ஒரு சிட்டிகை உப்பு. ஆறிய பாலில் மாவைக் கட்டியில்லாமல் கரைத்துக் காய்ச்சி, இறக்கி, ஆவி அடங்கியபின் சாறை விட்டு மெதுவாகக் கலக்குங்கள். இறுகியபின் வேகமாக அடித்தாலும் தளரும். வெட்டுவதற்கு முன் நான்கு மணித்தியாலமாவது விடுங்கள்.

முட்டை இல்லாததால் வெளிறிப்போய் இருக்கிறது. கலர் போடலாமா? (பண்டாரவளை)

வேண்டாம், மஞ்சள்தூள் ஒரு சிட்டிகை போதும். ஆனால் அடித்தட்டில் (பையின் அடியில் வரும் மா அடுக்கில்) அப்பச்சோடா சேர்க்காதீர்கள். சோடா பட்ட இடத்தில் மஞ்சள் சிவந்துபோகும்.

சீனிக்குப் பதில் தேன், அல்லது கித்துல் (கூந்தற்பனை) பாணி? (தலவாக்கலை)

தேன் தேனீயிடமிருந்து வருவதால், விலங்கிலிருந்து வரும் எதையும் சேர்க்காத வீகன் உணவில் சேராது. கித்துல் பாணி நல்லது, ஆனால் அதை தேசிக் கலவையில் விட்டால் நிறம் கறுத்து, பாணியின் மணம் தேசியின் மணத்தை மூடிவிடும். அடித்தட்டில் போடுங்கள், அங்கேதான் அது சிறக்கும். வறுத்த அரிசிமா ஒரு கோப்பை, பொடித்த கஜு அரைக் கோப்பை, தேங்காயெண்ணெய் நான்கு மேசைக்கரண்டி, பாணி இரண்டு மேசைக்கரண்டி. பிசைந்து தட்டில் அழுத்தி, பொன்னிறமாகும்வரை சுட்டால் போதும். மலைநாட்டுக் குளிரில் தேங்காயெண்ணெய் போத்தலிலேயே உறைந்து நிற்குமே, அதே காரணத்தால் நம் ஊரில் இந்த அடித்தட்டு உதிராமல் வெட்டுப்படும். அதே பையைக் கொழும்புக்குக் கொண்டுபோனால், 24 பாகை தாண்டியதும் எண்ணெய் இளகிவிடும்.

தோலைத் துருவிப் போட்டேன், கசந்தது. (கம்பளை)

உள்ளே இருக்கிற வெள்ளைப் பகுதிவரை துருவியிருப்பீர்கள். நம் தேசிக்காயின் தோல் மெல்லியது. துருவியில் லேசாக ஒருமுறை இழுத்தாலே போதும். கடையில் வாங்கிய மஞ்சள் லெமன் என்றால் மேலே மெழுகு பூசியிருக்கலாம். சுடுதண்ணீரில் தேய்த்துக் கழுவிவிட்டுத் துருவுங்கள்.

என் மருமகளுக்கு சீலியாக் நோய் என்று வைத்தியர் சொல்லிவிட்டார். அரிசிமாவும் குரக்கன் மாவும் மில்லில்தான் அரைக்கிறோம். பரவாயில்லையா? (ஹட்டன்)

சீலியாக் நோய் உள்ளவர்களுக்கு ஆகாதது கோதுமையில் இருக்கும் குளூட்டன் என்ற புரதம். அரிசியிலும் குரக்கனிலும் அது கிடையாது. ஆனால் உங்களுக்கு முன்னால் அதே கல்லில் கோதுமை அரைத்திருந்தால், ஒட்டியிருக்கிற கொஞ்சமே அந்தப் பிள்ளையின் குடலுக்குத் தீங்கு செய்யும். வயிற்றுவலி வராவிட்டாலும் உள்ளே பாதிப்பு நடக்கும் என்பதால் "கொஞ்சம்தானே" என்று விடக்கூடாது, அம்மா. அரிசியை ஊறவைத்து வடித்து, வீட்டிலேயே இடித்தோ மிக்ஸியில் அரைத்தோ அரித்து, வறுத்து வையுங்கள். கோதுமை மா அரித்த அரிதட்டையும் அதற்கு எடுக்காதீர்கள், புதிதாக ஒன்று வாங்கித் தனியே வையுங்கள். பேக்கிங் பவுடர் வாங்கினால் பொதியில் என்ன மா கலந்திருக்கிறது என்று வாசியுங்கள். ரவை அரிசி அல்ல, அதுவும் கோதுமைதான். பை சுடுகிற அன்று அதே அடுப்படியில் ரொட்டிக்கு மா பிசைய வேண்டாம்.