இயேசு சபையையும் அதன் துறவிகளையும் ஜப்பானிய மொழியில் எப்படிச் சொல்வார்கள்?

எங்கள் தூத்துக்குடிப் பக்கம் 'சேசு சபை' என்போமே, அதற்கு ஜப்பானியத்தில் 'இயெஸுஸு காய்'. 'காய்' என்றால் சங்கம். சபை உறுப்பினர் 'இயெஸுஸு காய்ஷி'. இந்த 'ஷி', சாமுராயைக் குறிக்கும் 'புஷி'யில் வரும் அதே எழுத்துதான். அதற்காக வாள் கிள் என்று கற்பனை செய்ய வேண்டாம், வக்கீலுக்கும் ('பெங்கோஷி') அதே எழுத்தைத்தான் போடுகிறார்கள். 'இயெஸுஸு' கத்தோலிக்கர்களின் பழைய உச்சரிப்பு. 1987இல் வந்த பொது விவிலிய மொழிபெயர்ப்பு 'இயெசு' என்று எழுதிய பிறகும் சபை தன் பெயரை மாற்றவில்லை.

'காய்ஷி' எழுத்து வழக்கு. நேரில் யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. குருப்பட்டம் பெற்றவர் என்றால் பெயரோடு 'ஷிம்புசாமா' (சிம்பு ரசிகர்கள் மன்னிக்க). 'போகுஷி' என்று சொல்லிவிடாதீர்கள், அது புராட்டஸ்டன்ட் போதகருக்கு. குருவல்லாத துறவி 'ஷூதோஷி', மற்ற சபைகளின் கன்னியர் 'ஷூதோஜோ'. பேச்சில் நம்மைப் போலவே பிரதர், சிஸ்டர்தான்.

எனக்குப் பிடித்தது பழைய வழக்கு. முத்துக்குளித்துறையில் பணிசெய்த சவேரியார் 1549இல் ககோஷிமாவில் இறங்கினார். அவர் வழியில் வந்த குருக்களை ஜப்பானியர் 'பதெரென்' என்றார்கள். போர்த்துகீசிய 'பாத்ரே'தான் அங்கே அப்படி ஆனது, இங்கே 'பாதிரி' ஆனது. குருப்பட்டம் பெறாத சகோதரர் 'இருமன்', 'இர்மாவ்' (சகோதரர்) என்ற போர்த்துகீசியச் சொல்லின் திரிபு. கூடவே தங்கி உதவிய உள்ளூர் ஆட்களுக்கு மட்டும் பௌத்த மடங்களின் சொல்லையே எடுத்துக்கொண்டார்கள்: 'தோஜுக்கு', ஒன்றாகத் தங்குபவர். சபையின் பெயரும் அப்போது பாதி போர்த்துகீசியம். 1592இல் அமாகுசாவில் அச்சான நூலின் முகப்பில் 'இயேசுவின் கொம்பஞ்ஞியா' (போர்த்துகீசியத்தில் சங்கம்) என்ற பொருளில்தான் இருக்கிறது.

1587இல் ஜப்பானின் ஆட்சியாளர் ஹிதேயோஷி இந்தக் குருக்களை வெளியேற்றப் போட்ட ஆணையின் பெயரிலேயே 'பதெரென்' உண்டு. மதம் தடைசெய்யப்பட்ட காலத்தில் அந்தச் சொல்லுக்கு மந்திரவாதி என்ற சாயலும் ஏறிவிட்டது. இன்று ஒரு குருவை அப்படி அழைத்தால் வரலாற்று நாடக வசனம் பேசுவது போலிருக்கும்.

இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய நூல்களில் 'யாசோ காய்' என்று பார்த்தால் அதுவும் இதே சபைதான். சீன எழுத்து வழியாக வந்த பெயர். 'யாசோ'வில் கொஞ்சம் ஏளனம் ஒட்டியிருக்கும். படித்துப் புரிந்துகொள்ளுங்கள், பேச்சில் வேண்டாம்.