எல்லோரும் தலையாட்டுகிறார்கள், யாரும் பேசுவதில்லை

கேள்வி: ஒரு நிறுவனத்தின் பில்லிங் பிரிவில் டீம் லீடாக இருக்கிறேன். எனக்குக் கீழே ஒன்பது பேர். இரண்டு மாதம் முன்பு எங்கள் பிரிவையும் வசூல் பிரிவையும் ஒன்றாக்கிவிட்டார்கள். கூடவே புது சாஃப்ட்வேர். எனக்கே ஒரு வாரம் முன்னால்தான் தெரியும். ‘மாற்றம் நல்லதுக்குத்தான், பாசிட்டிவாக இருங்கள்’ என்று மீட்டிங்கில் சொன்னேன். எல்லோரும் தலையாட்டினார்கள், ஆனால் வேலை நகரவில்லை. பதினெட்டு வருட சர்வீஸ் உள்ள ஒரு சார், ‘எங்களுக்கென்னம்மா, சொன்னதைச் செய்யறோம்’ என்று சொல்லிவிட்டு பழைய எக்செல் ஃபைலிலேயே உட்கார்ந்திருக்கிறார். ஒரு இளம்பெண் ‘வேலை போயிடுமா மேடம்?’ என்று தினமும் கேட்கிறாள். இன்னொருவர் எதற்கெடுத்தாலும் கிண்டல். என் மேனேஜரோ, ‘ரொம்ப இடம் கொடுக்காதீங்க, தலையில் ஏறிடுவாங்க’ என்கிறார். உண்மையைச் சொன்னால் இந்த மாற்றத்தில் எனக்கே உடன்பாடில்லை. அதைக் காட்டலாமா, மறைக்க வேண்டுமா? பரிவோடு நடத்துங்கள் என்கிறார்களே, அப்படியென்றால் என்னதான் செய்வது?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்களே, டீம் லீட் வேலையே அதுதான். மேலே எடுத்த முடிவை உங்கள் முடிவு போல கீழே சொல்ல வேண்டும். கீழே உள்ள கோபத்தை உங்கள் கோபமாக இல்லாமல் மேலே சொல்ல வேண்டும். இதில் உங்களுக்கென்று ஒரு மனசு இருப்பதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. நீங்களும் எடுக்கவில்லை என்று தோன்றுகிறது. உங்கள் மனநிலையைக் கடிதத்தின் கடைசியில் போகிறபோக்கில்தான் சொல்லியிருக்கிறீர்கள். நான் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

உடன்பாடில்லை என்கிறீர்கள். எதில்? இரண்டு பிரிவையும் சேர்த்தது தவறு என்று நினைக்கிறீர்களா? உங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் செய்தார்களே என்ற கோபமா? இல்லை, இது சொதப்பினால் பழி நம் தலையில் விழும் என்ற பயமா? மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. முதலாவது என்றால் காரணத்தோடு மேலே எழுதிக் கொடுக்கலாம். இரண்டாவது என்றால் ‘அடுத்த தடவை முன்கூட்டியே சொல்லுங்கள்’ என்று மேனேஜரிடம் நேராகப் பேசலாம். மூன்றாவதற்கு எதற்கு நீங்கள் பொறுப்பு, எதற்கு இல்லை என்பதை ஒரு மெயிலில் உறுதி செய்துகொண்டாலே பாதி பாரம் இறங்கும். நாம் எல்லாவற்றையும் ‘ஒரே டென்ஷன்’ என்று ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறோம். உணர்ச்சியைச் சரியான சொல்லால் குறிக்கும்போது மூளையில் அச்சத்தோடு தொடர்புள்ள அமிக்டலா பகுதியின் வேகம் தணிவதை மேத்யூ லீபர்மனும் சக ஆய்வாளர்களும் 2007-ல் மூளை ஸ்கேன் மூலம் காட்டினார்கள். எனவே பத்து நிமிடம் தனியாக உட்கார்ந்து எழுதிப் பாருங்கள். யாருக்கும் காட்ட வேண்டாம்.

சரி, டீமிடம் காட்டலாமா? மறைத்துப் பயனில்லை. உங்களோடு வருடக்கணக்காக வேலை பார்ப்பவர்களுக்கு உங்கள் குரல் தெரியும். ‘பாசிட்டிவாக இருங்கள்’ என்று சொன்னபோது அதில் நீங்களே இல்லை என்பது அவர்களுக்குப் புரிந்திருக்கும். தலையாட்டினார்கள் என்றீர்களே, அது சம்மதம் இல்லை. மீட்டிங் சீக்கிரம் முடியட்டும் என்ற மரியாதை. அதற்காக மேலிடத்தைத் திட்டித் தீர்ப்பதும் உதவாது. அன்று சாயங்காலம் எல்லோரும் உங்களோடு ஒட்டிக்கொள்வார்கள். மறுநாள் காலையில் ‘இவங்களுக்கே நம்பிக்கை இல்லை, நாம ஏன் கஷ்டப்படணும்?’ என்று தோன்றும். நான் உங்கள் இடத்தில் இருந்தால் இப்படிச் சொல்வேன்: ‘எனக்கும் இது ஒரு வாரம் முன்னால்தான் தெரியும். சில விஷயங்களில் எனக்கும் கேள்வி இருக்கு, மேலே கேட்டிருக்கேன். ஆனா முடிவு ஆயிடுச்சு, இதைச் செஞ்சு காட்டற பொறுப்பு என்னோடது. எங்கே இடிக்குதுன்னு நீங்க சொன்னாத்தான் எனக்குத் தெரியும்.’ இதில் பொய்யும் இல்லை, புலம்பலும் இல்லை. ‘கேட்டிருக்கேன்’ என்று சொல்வதற்கு முன் உண்மையாகவே கேட்டிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. பயிற்சி வகுப்புகளில் ஒரு வளைகோடு போட்டு, மறுப்பு, கோபம், சோர்வு, ஏற்பு என்று படிப்படியாக மனிதர்கள் மாற்றத்தைக் கடப்பதாகச் சொல்லித் தருவார்கள். இந்த வளைகோட்டின் தொடக்கம், மரணத்தின் விளிம்பில் இருந்த நோயாளிகளோடு பேசி எலிசபெத் கூப்ளர்-ராஸ் 1969-ல் எழுதியது. அதைப் பிற்பாடு அலுவலகத்துக்குள் இழுத்து வந்துவிட்டார்கள். உங்கள் ஒன்பது பேரையும் இந்தக் கோட்டில் எங்கேயாவது குத்தி வைக்காதீர்கள். ‘அவர் இன்னும் மறுப்புக் கட்டத்தில் இருக்கிறார்’ என்று முடிவு கட்டிவிட்டால் அவர் சொல்லும் நியாயமான குறை காதிலேயே ஏறாது.

இப்போது அந்த சாரிடம் வருவோம். எனக்கு உங்கள் கடிதத்தில் மிக முக்கியமானவர் அவர்தான். அவர் பிடிவாதம் பிடிக்கிறார் என்று நீங்கள் நினைப்பது வரிகளுக்கு நடுவே தெரிகிறது. அவர் எதை இழந்தார் என்று யோசித்துப் பாருங்கள். இரண்டு மாதம் முன்பு வரை ஒரு கணக்கில் சிக்கல் என்றால் எல்லோரும் அவர் நாற்காலியைத் தேடி வந்திருப்பார்கள். இன்று திரையைப் பார்க்கிறார்கள். போதாததற்கு எந்தப் பட்டனை அமுக்குவது என்று அவர் தன் மகள் வயதுப் பெண்ணிடம் கேட்க வேண்டியிருக்கிறது. ‘சொன்னதைச் செய்யறோம்’ என்ற வாக்கியத்தில் ‘எங்களை யார் கேட்டீங்க?’ என்ற வாக்கியம் ஒளிந்திருக்கிறது.

அவரை உங்கள் அறைக்குக் கூப்பிடாதீர்கள். நீங்கள் அவர் இடத்துக்குப் போங்கள். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, ‘சார், அந்த ஃபைலைக் கொஞ்சம் திறங்க, எனக்குக் காட்டுங்க’ என்று சொல்லுங்கள். இப்படிப்பட்ட ஃபைல்கள் எப்படி இருக்கும் தெரியுமா? மாதாமாதம் பில்லில் தகராறு செய்பவருக்கு ஒரு நிறம், பாதிப் பணம் கட்டிவிட்டு மீதியை இழுத்தடிப்பவருக்கு இன்னொரு நிறம். ஓரத்தில் தலைப்பே இல்லாத ஒரு பத்தி. அதில் ‘இவரை மாசக் கடைசியில் கூப்பிட வேண்டாம்’, ‘தம்பியிடம் பேசினால் வேலை நடக்கும்’ என்பது போன்ற குறிப்புகள். புது சாஃப்ட்வேரில் வாடிக்கையாளர் எண்ணுக்கு இடம் இருக்கும், இதற்கெல்லாம் இருக்காது. ‘இதில் எதெல்லாம் புதுசில் வரலை சார்?’ என்று கேளுங்கள். அப்புறம் வாயை மூடிக்கொண்டு குறித்துக்கொள்ளுங்கள். இடையில் புகுந்து புதிய சாஃப்ட்வேருக்கு வக்காலத்து வாங்கினால் அவர் மறுபடி ‘எங்களுக்கென்னம்மா’வுக்குப் போய்விடுவார்.

கேட்டால் மட்டும் போதாது. அந்தப் பட்டியலை சாஃப்ட்வேர் ஆட்களிடம் கொண்டு போங்கள். நாலைந்து சேர்ப்பார்கள், இரண்டு முடியாது என்பார்கள். எது ஆச்சு, எது ஆகலை என்று திரும்பப் போய் அவரிடம் சொல்லுங்கள். மனம் திறந்து பேசச் சொல்லிவிட்டு ஒன்றுமே செய்யாமல் விடுவது, கேட்காமலே இருப்பதைவிட மோசம்.

இதற்குப் பழைய ஆதாரம் ஒன்று உண்டு. அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் பைஜாமா தைக்கும் தொழிற்சாலை ஒன்றில் நடந்த பரிசோதனையை லெஸ்டர் கோச், ஜான் ஃப்ரெஞ்ச் இருவரும் 1948-ல் வெளியிட்டார்கள். வேலை முறை மாறப்போவதாக ஒரு குழுவுக்கு அறிவிப்பு மட்டும் செய்தார்கள். மற்ற குழுக்களை மாற்றத்தைத் திட்டமிடுவதிலேயே சேர்த்துக்கொண்டார்கள். அறிவிப்பு மட்டும் கேட்ட குழுவில் முதல் 40 நாளில் 17 சதவீதம் பேர் வேலையை விட்டுப் போனார்கள், உற்பத்தியும் மீளவில்லை. திட்டமிடலில் கலந்துகொண்ட குழுக்களில் அந்த நாட்களில் ஒருவரும் விடவில்லை. எல்லோருமே கலந்துகொண்ட குழுக்கள் சீக்கிரமே பழைய அளவைத் தாண்டி சுமார் 14 சதவீதம் கூடுதலாக உற்பத்தி செய்தன. கவனியுங்கள், மாற்றம் வேண்டுமா வேண்டாமா என்று அங்கேயும் ஓட்டெடுப்பு நடத்தவில்லை. எப்படிச் செய்யலாம் என்பதில்தான் பங்கு கொடுத்தார்கள். உங்கள் கையில் இருப்பதும் அந்த ‘எப்படி’ மட்டும்தான். அதுவே நிறைய.

அதே சமயம் எக்செல் ஃபைல் காலத்துக்கும் ஓட முடியாது. அவர் பழைய கணக்கில் வைத்திருப்பதை இன்னொருவர் புதிதில் ஏற்ற வேண்டியிருக்கிறது இல்லையா? அந்த ஆளுக்கும் மனசு உண்டு. எந்தத் தேதியோடு நிறுத்தலாம் என்று அவரையே கேளுங்கள். அவர் சொல்லும் தேதி கொஞ்சம் தள்ளி இருந்தாலும் ஒத்துக்கொள்ளுங்கள். பிறகு அதிலிருந்து இறங்காதீர்கள்.

வேலை போய்விடுமா என்று கேட்கும் பெண்ணிடம் ‘அதெல்லாம் ஒண்ணும் ஆகாதும்மா’ என்று சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள் என்றால் உடனே நிறுத்துங்கள். உங்களுக்கு அது தெரியாது, தெரியாது என்பது அவளுக்கும் தெரியும். அதனால்தான் தினமும் கேட்கிறாள். லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் 2016-ல் வெளியிட்ட ஒரு பரிசோதனையில், மின்அதிர்ச்சி நிச்சயம் வரும் என்று தெரிந்த நேரத்தைவிட, வரலாம் வராமலும் போகலாம் என்று பாதிக்குப் பாதி வாய்ப்பு இருந்த நேரத்தில்தான் பதற்றம் உச்சத்தில் இருந்தது. கெட்ட செய்தியைவிட அந்தரத்தில் தொங்குவது கொடுமை. ‘இன்னிக்கு எனக்குத் தெரிஞ்சது இவ்வளவு. ஆட்குறைப்பு பற்றித் தெரியாது. வெள்ளிக்கிழமை கேட்டுட்டு சொல்றேன்’ என்று சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை புதுத் தகவல் இல்லை என்றாலும் போய், ‘இன்னும் பதில் வரலை’ என்று சொல்லிவிட்டு வாருங்கள்.

கிண்டல்காரரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எல்லோரும் மனதில் நினைப்பதை அவர் வாய்விட்டுச் சொல்கிறார், அதனால் பாதி கிண்டல் உங்களுக்கு இலவசத் தகவல். தனியாகக் கூப்பிட்டு, ‘நேத்து சொன்னீங்களே, அதுல விஷயம் இருக்கு. சீரியஸா சொல்லுங்க’ என்று கேட்டுப் பாருங்கள். ஆனால் கிண்டல் அந்த சார் மேலோ இளம்பெண் மேலோ திரும்பினால் அந்த இடத்திலேயே நிறுத்தச் சொல்லுங்கள். அதற்குப் பரிவு பார்க்க வேண்டியதில்லை.

கடைசியாக உங்கள் மேனேஜர். இடம் கொடுக்காதே என்பவரிடம் மனசைப் பற்றிப் பேசி எடுபடாது, கணக்கில் பேசுங்கள். ஜெரால்ட் கிரீன்பெர்க் 1990-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று கைகொடுக்கும். ஒரு நிறுவனத்தின் இரண்டு தொழிற்சாலைகளில் பத்து வாரத்துக்கு 15 சதவீதம் சம்பள வெட்டு. ஒன்றில் ஏன் என்று வருத்தத்தோடும் விவரத்தோடும் விளக்கிக் கேள்விகளுக்கும் பதில் சொன்னார்கள். இன்னொன்றில் கால் மணி நேரத்தில் அறிவித்துவிட்டு எழுந்து போனார்கள். வெட்டு இரண்டு இடத்திலும் ஒன்றுதான். விளக்காத இடத்தில் பொருள் திருட்டும் அதிகம், வேலையை விட்டவர்களும் அதிகம்.

அவரிடம் நீங்கள் கேட்க வேண்டிய முதல் விஷயம் டார்கெட். புது சாஃப்ட்வேர் பழகும் மாதங்களிலும் பழைய எண்ணிக்கையையே கேட்டுக்கொண்டு, மறுபக்கம் ‘உங்க கஷ்டம் புரியுது’ என்று சொன்னால் டீம் மனதுக்குள் சிரிக்கும். இரண்டு மாதத்துக்காவது குறைத்துத் தரச் சொல்லுங்கள், எழுத்தில் வாங்குங்கள். தர மாட்டேன் என்றால், ‘கேட்டேன், கிடைக்கலை’ என்று டீமிடம் சொல்லிவிட்டு, உங்கள் அதிகாரத்திலேயே நிறுத்தக்கூடிய வேலைகளைத் தேடுங்கள். யாரும் திறந்து பார்க்காத வாராந்திர ரிப்போர்ட் ஒன்றாவது உங்கள் பிரிவிலும் இருக்கும். அதை இந்த வாரமே நிறுத்துங்கள்.