தண்ணீரில் விழுந்த போன் நான்காம் நாள் ஏன் அணைந்தது?

கேள்வி: என் போன் வாளித் தண்ணீருக்குள் விழுந்துவிட்டது. உடனே எடுத்துத் துடைத்துப் பார்த்தேன், நன்றாக வேலை செய்தது. பயத்தில் இரவு மட்டும் அரிசிக்குள் வைத்தேன். மூன்று நாள் எந்தக் குறையும் இல்லை. நான்காம் நாள் சார்ஜ் ஏறும்போதே அணைந்தது, பிறகு உயிர் வரவே இல்லை. உள்ளே குழந்தையின் போட்டோக்கள் இருக்கின்றன. காப்பாற்ற வழி உண்டா? ரிமோட், இயர்பட்ஸ் போன்றவை நனைந்தாலும் இதே கதிதானா?

பதில்: முதலில் அதை மறுபடி மறுபடி சார்ஜரில் போட்டுப் பார்ப்பதை நிறுத்துங்கள். இப்போதும் சார்ஜரில்தான் இருக்கிறது என்றால் கழற்றி வைத்துவிட்டு வந்து மீதியைப் படியுங்கள்.

உங்கள் போன் விழுந்த அன்றே கெட்டுவிடவில்லை. ஈரமும் மின்சாரமும் சேர்ந்து உள்ளே இருந்த அந்த மூன்று நாளில்தான் கெட்டது. சுத்தமான தண்ணீர் மின்சாரத்தை அவ்வளவாகக் கடத்தாது. நாம் புழங்கும் தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகள்தான் கடத்துகின்றன. தண்ணீரை மின்சாரத்தால் பிரிக்கக் கோட்பாட்டளவில் 1.23 வோல்ட் போதும். போன் பேட்டரி கொடுப்பதோ 3.7 வோல்ட்டுக்குப் பக்கம். போனின் பாகங்கள் பதிந்திருக்கும் சர்க்யூட் பலகையை போர்டு என்பார்கள். ஈரமான போர்டில் இந்த மின்னழுத்தம் இருந்தால், பாசிட்டிவ் பக்கத்து உலோகம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து நெகட்டிவ் பக்கம் போய்ப் படியும். ஒரு பக்கம் செம்புப் பாதை அரித்துப்போகும். இன்னொரு பக்கம் மயிரிழை மாதிரி உலோகம் வளர்ந்து, பக்கத்துப் பாதையைத் தொட்டதும் ஷார்ட் ஆகும். இதற்குச் சில மணி நேரமும் ஆகலாம், சில நாளும் ஆகலாம். அதுவரை போன் ஒன்றும் நடக்காதது போல வேலை செய்யும்.

ஸ்விட்ச் ஆஃப் செய்தாலும் முழுப் பாதுகாப்பு இல்லை. பவர் பட்டனை அழுத்தியதும் போன் விழித்துக்கொள்ள வேண்டுமே, அதற்காகச் சில பாதைகளில் எப்போதும் மின்னழுத்தம் இருக்கும். பேட்டரியின் கனெக்டரைப் போர்டிலிருந்து பிரித்தால்தான் அரிப்பைத் தூண்டும் மின்சாரம் நிற்கும்.

அரிசியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வெளியில் இருக்கும் அரிசியால் சிப்புக்கு அடியில் ஒட்டியிருக்கும் நீரை இழுக்க முடியாது. ஆப்பிள் நிறுவனமே 2024-இல் தன் உதவிப் பக்கத்தில் ஐபோனை அரிசிக்குள் வைக்காதீர்கள், துகள்கள் உள்ளே போய்ச் சேதம் செய்யலாம் என்று எழுதியது. ஆனால் எனக்குத் துகளைவிடப் பெரிய வருத்தம் வேறு. வைத்தியம் நடக்கிறது என்ற நிம்மதியில் இரண்டு மூன்று நாளைக் கழித்துவிடுகிறோம். காப்பாற்றக் கிடைத்த நல்ல நேரம் அதுதான். அது மட்டுமில்லை, தண்ணீர் முழுக்கக் காய்ந்தாலும் அதிலிருந்த உப்பு போர்டிலேயே தங்கிவிடும். காற்றில் ஈரம் ஏறினால் அரிப்பு மறுபடி தொடங்கும். காய வைத்தால் போதாது, கழுவவும் வேண்டும்.

இப்படி வந்த ஒரு போனைத் திறந்தால் என்ன தெரியும் என்று சொல்கிறேன். வெளியே எல்லாம் உலர்ந்து, பளிச்சென்று இருக்கும். போர்டின் மேல் தகரத் தொப்பி மாதிரி ஒரு ஷீல்டு இருக்கும். அதைத் தூக்கினால், பல நாள் ஆன பிறகும் அடியில் ஒரு சொட்டு நீர் அப்படியே பளபளக்கும். லென்ஸ் வழியே பார்த்தால், மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் கெப்பாசிட்டர் என்ற அரை மில்லிமீட்டர் பாகத்தைச் சுற்றிப் பச்சையாக ஒரு வளையம். பழைய செம்புப் பாத்திரத்தில் பிடிக்கும் அதே களிம்புதான். பிரஷ்ஷால் தொட்டதும் கெப்பாசிட்டரின் ஒரு கால் பொடியாக உதிர்வதும் உண்டு.

சரி, உங்கள் போனுக்கு வருவோம். போர்டு வேலை தெரிந்த டெக்னீஷியனிடம் கொடுங்கள். முதல் வார்த்தையாக, எனக்குப் போட்டோக்கள்தான் முக்கியம் என்று சொல்லிவிடுங்கள். அப்படிச் சொன்னால் அவர் வேலை செய்யும் வரிசையே மாறும். இன்றைய போன்களில் தகவல்கள் பூட்டப்பட்டு, அந்தப் பூட்டு பிராசஸரோடு பிணைந்திருக்கும். மெமரி சிப்பை மட்டும் கழற்றிப் படிக்க முடியாது. போர்டு ஒரு முறையாவது உயிர் பெற்றாக வேண்டும். அவர் பேட்டரியைப் பிரித்து, ஷீல்டைத் திறந்து, 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் மென்மையான பிரஷ்ஷும் வைத்துக் கழுவ வேண்டும். திரவத்தை ஒலி அதிர்வால் அதிரவைத்துக் கழுவும் அல்ட்ராசோனிக் கிளீனர் இருந்தால் நல்லது. அப்புறம் மல்டிமீட்டரில் ஷார்ட் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பேட்டரியை மாட்ட வேண்டும். ஹாட் ஏர் காட்டிச் சூடாக்கிக் கொடுத்துவிடுகிறேன் என்பவரிடம் கொடுக்க வேண்டாம்.

இனி இப்படி நேர்ந்தால்: போன் சார்ஜரோடு இருந்தால் முதலில் சுவரிலுள்ள ஸ்விட்சை அணைத்துவிட்டுத் தொடுங்கள். எடுத்த உடனே ஆஃப் செய்யுங்கள். வேலை செய்கிறதா என்று பார்க்கும் ஆசையை அடக்குவதுதான் இதில் கடினமான பகுதி. உறையையும் சிம் ட்ரேயையும் கழற்றிவிட்டு, சார்ஜிங் துளை கீழே பார்க்கும்படி பிடித்து உள்ளங்கையில் மெல்லத் தட்டுங்கள். உதறவோ, வாயால் ஊதவோ, துளைக்குள் பஞ்சு விடவோ வேண்டாம். ஹேர் டிரையரும் கூடாது. அந்தச் சூடு பசையை இளக்கும், காற்று நீரை இன்னும் உள்ளே தள்ளும். மின்விசிறிக் காற்றில் வைத்துவிட்டு, சில மணி நேரத்துக்குள் பேட்டரியைப் பிரிக்கத் தெரிந்தவரிடம் சேர்த்துவிடுங்கள்.

நீர் புகாத போன் என்ற நம்பிக்கைக்கும் ஒரு எல்லை உண்டு. போன் பெட்டியில் போட்டிருக்கும் ஐபி67 என்ற தரக் குறியீடு, 1 மீட்டர் ஆழ நல்ல தண்ணீரில் 30 நிமிடம் தாங்கும் என்று சோதித்தது. சோப்பு நீரும் கடல் நீரும் அந்தச் சோதனையில் இல்லை. ஓரங்களிலுள்ள ஒட்டும் ரப்பரும் வருடம் போகப் போகத் தளரும். ஒரு முறை திறந்து மூடிய போனில் பழைய காப்பு இருக்கும் என்று எண்ண வேண்டாம்.

ரிமோட், கால்குலேட்டர் மாதிரி பேட்டரியைக் கையால் கழற்ற முடிகிறவற்றை வீட்டிலேயே காப்பாற்றலாம். செல்களை எடுத்துவிட்டுத் திறந்து, போர்டை டிஸ்டில்டு வாட்டரில், அதாவது உப்பில்லாத காய்ச்சி வடித்த நீரில் அலசுங்கள். நனைந்ததை மறுபடி நனைப்பதா என்று தோன்றும். கடல் நீரோ சர்க்கரைப் பானமோ கொட்டியிருந்தால் இது கட்டாயம். அப்புறம் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, ஒரு நாள் முழுக்க உலர விடுங்கள். அந்த ஆல்கஹால் எளிதில் தீப்பிடிக்கும் என்பதால் அடுப்புப் பக்கம் வேண்டாம், ஜன்னல் திறந்திருக்கட்டும்.

இயர்பட்ஸை ஒட்டியே செய்திருப்பதால் திறக்க வழி குறைவு. ஈரத்தோடு கேஸுக்குள் போடாதீர்கள், அங்கே சார்ஜிங் முனையில் மின்சாரம் இருக்கும். நனைந்த சார்ஜரைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். திறக்கவே வேண்டாம், உள்ளே உள்ள கெப்பாசிட்டரில் பிளக்கைக் கழற்றிய பிறகும் மின்சாரம் தங்கியிருக்கலாம்.

எந்தக் கருவியானாலும் பேட்டரி உப்பியிருந்தாலோ, தொட்டால் சூடாக இருந்தாலோ, விநோதமான வாடை வந்தாலோ எல்லா முயற்சியையும் கைவிட்டு, எரியும் பொருள் இல்லாத இடத்துக்குத் தள்ளி வையுங்கள். உங்கள் போனின் பின்பக்கம் லேசாகத் தூக்கிக்கொண்டிருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். இல்லையென்றால் நாளைக்குக் காத்திருக்காமல் கொண்டுபோய்க் கொடுங்கள். உயிர் வந்துவிட்டால், அந்த மேசையிலேயே உட்கார்ந்து முதல் வேலையாகப் போட்டோக்களை வேறிடத்துக்கு மாற்றிவிடுங்கள். அரித்துப்போன போர்டு எத்தனை நாள் தாங்கும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது.