இசை கேள்வி-பதில்: டிவியில் ஜோ மாஃபிஸ்

கே: 1950களின் அமெரிக்க கன்ட்ரி இசை நிகழ்ச்சி ‘டவுன் ஹால் பார்ட்டி’யில் கிட்டார் கலைஞர் ஜோ மாஃபிஸ் வாசித்த காட்சிகளோடு சேர்ந்து வாசித்துப் பார்க்கிறேன். ட்யூனர் வைத்துச் சுருதி சேர்த்தும் ஒட்டவே மாட்டேன் என்கிறது. அவர் வேறு சுருதியா?
- வாசகர், திருநெல்வேலி

ப: முதலில் பிரதியைச் சந்தேகப்படுங்கள். லாஸ் ஏஞ்சலிஸை ஒட்டிய காம்ப்டனிலிருந்து நேரலையாகப் போன நிகழ்ச்சி அது. டிவி திரைக்கு எதிரே ஃபிலிம் கேமராவை நிறுத்திப் பதிவுசெய்த ‘கினெஸ்கோப்’ சுருள்களால்தான் அதில் கொஞ்சமாவது மிஞ்சியது. ஃபிலிம் நொடிக்கு 24 பிரேம் ஓடும். இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் புழங்கிய ‘பால்’ (PAL) டிவி ஒளிபரப்பு முறைக்கு அதை மாற்றும்போது 25 பிரேமாக ஓட்டிவிடுவது வழக்கம். வேகம் 4 சதவீதம் கூடும்; சுருதி சுமார் 70 சென்ட் ஏறும். 100 சென்ட் ஓர் அரைச்சுரம் என்பதால், உங்கள் கிட்டார் எந்த ஃப்ரெட்டிலும் (கழுத்தில் உள்ள உலோகக் கட்டை) அதைப் பிடிக்காது.

ஒலியை மட்டும் பிரித்தெடுத்து, ஒலித்தொகுப்பு மென்பொருளில் வேகத்தை 0.96 ஆக்குங்கள். சுருதியை விட்டுவிட்டுத் தாளத்தை மட்டும் மாற்றும் வசதியைத் தொடாதீர்கள். அதில் பாட்டு மெதுவாகும், சுருதி அப்படியே நிற்கும். அதற்குப் பிறகும் பத்து, இருபது சென்ட் இடித்தால் பழைய சுருளின் ஓட்டமோ, அன்று குழு சேர்த்த சுருதியோ காரணமாக இருக்கலாம். அதற்கு மேல் கணக்குப் போட வேண்டாம், பதிவுக்கே உங்கள் கம்பிகளைச் சேர்த்துவிடுங்கள்.

இன்னொன்று: 16 மி.மீ. ஃபிலிமின் ஒலித்தடத்தில் மேல் அதிர்வெண்கள் அடிபட்டுவிடும். அந்த மந்தமான நாதத்தை நகலெடுக்க டோன் குமிழைக் குறைப்பவர்கள் மாஃபிஸை விட்டுவிட்டு ஃபிலிமை நகலெடுக்கிறார்கள்.

கே: அவர் கிட்டாருக்கு ஏன் இரண்டு கழுத்து? சின்னக் கழுத்தின் ஒலியைச் சாதாரண கிட்டாரில் கொண்டுவர முடியுமா?
- வாசகர், ஈரோடு

ப: 1954இல் கிட்டார் செய்பவரான செமி மோஸ்லி அவருக்காகச் செய்த ‘மோஸ்ரைட்’ கிட்டார் அது. பெரிய கழுத்து வழக்கமான சுருதி. சின்னது ஒரு ஸ்தாயி மேலே. நீளத்தைக் குறைக்காமல் கம்பியை முறுக்கியே அந்த ஸ்தாயிக்குப் போகலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். சுருதி இரட்டிப்பானால் இழுவிசை நான்கு மடங்கு. 0.010 அங்குல முதல் கம்பி சாதாரணமாகத் தாங்குவது சுமார் 16 பவுண்டு. அதை 64க்கு இழுத்தால் பாதி வழியிலேயே அறுந்து முகத்தில் அடிக்கும். கழுத்தை ஒட்டி உடலில் வெட்டுள்ள கிட்டார் என்றால் 12ஆம் ஃப்ரெட்டில் கேப்போ (எல்லாக் கம்பிகளையும் அழுத்திப் பிடிக்கும் கவ்வி) போடுங்கள். ஃப்ரெட்டுகள் நெருக்கம், விரல் இடறும். ஆனாலும் ஒலியை மின்னணு முறையில் ஒரு ஸ்தாயி ஏற்றும் ஆக்டேவ் பெடலைவிட இயல்பாக ஒலிக்கும்.

கே: மாஃபிஸின் வாசிப்பில் அந்த வேகம் எப்படி வந்தது?
- வாசகி, கோவை

ப: பிடில் மெட்டுகளை ஒற்றை பிக்கால் (கம்பியை மீட்டும் சிறு தகடு) வாசித்ததில் வந்தது. அதே மேடையில் கட்டைவிரல் பிக்கோடு வாசித்த மெர்ல் டிராவிஸின் கையையும் கவனியுங்கள், வித்தியாசம் உடனே தெரியும். மாஃபிஸ் வழிக்குக் கீழ், மேல், கீழ், மேல் என்ற அடியின் வரிசை மாறவே கூடாது. தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 தட்டில் வைத்து, ஒரு தட்டுக்கு நான்கு சுரம். கம்பி மாறும் இடத்தில் இரண்டு கீழடி அடுத்தடுத்து விழுகிறதா என்று பாருங்கள். வேகம் கூடியதும் தடுக்கி விழுவது அங்கேதான். பிக்கின் நுனி மட்டும் கம்பியைத் தொட வேண்டும். ஆழமாகப் போனால் கை சிக்கிக்கொள்ளும், உடனே முன்கை இறுகும். இறுகிய கையோடு மெட்ரோனோமில் 4 தட்டு கூட்டுவதைவிட அன்றைக்கு நிறுத்திவிடுவது நல்லது.

கையசைவைப் படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்துப் பிரயோசனமில்லை. நொடிக்கு 24 பிரேமில் பிக் வெறும் மங்கலாகத்தான் தெரியும். அவரிடம் கற்ற சிறுவன் லாரி காலின்ஸ் பக்கத்தில் நின்று வாசிக்கும் காட்சிகளில் இடக்கையைப் பாருங்கள், அது தெளிவாகவே விழுந்திருக்கிறது.