மாத்திரையை நிறுத்திய பிறகு நாள் தள்ளிப் போகிறதே!

கேள்வி: எனக்கு வயது 29. மூன்று வருடம் கருத்தடை மாத்திரை சாப்பிட்டேன். அப்போதெல்லாம் 28 நாளுக்கு ஒருமுறை தவறாமல் பீரியட்ஸ் வந்தது. குழந்தைக்காக நிறுத்தி நான்கு மாதம் ஆகிறது. முதல் முறை 36 நாள், அடுத்தது 51 நாள், இப்போது 40 நாள் தாண்டியும் வரவில்லை. மாத்திரையால் கருப்பை கெட்டுவிட்டதா? கருமுட்டை வெளியாகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: முதல் வேலையாக, நாளைக் காலையிலேயே கர்ப்பப் பரிசோதனை செய்து பாருங்கள். நாள் முன்பின் ஆகிறவர்களுக்குக் கரு தங்காது என்று நினைத்துக்கொண்டு இதைச் செய்யாமலே விட்டுவிடுகிறார்கள். மாத்திரையை நிறுத்தி இரண்டே வாரத்தில்கூட கருமுட்டை வெளியாகலாம்.

கருப்பை கெடவில்லை, மாத்திரை அப்படிக் கெடுக்கவும் கெடுக்காது. மாத்திரை சாப்பிட்ட காலத்தில் உங்களுக்கு வந்தது உண்மையான மாதவிடாயே இல்லை. சினைப்பைக்கு மூளையிலிருந்து போகும் ஹார்மோன் கட்டளையை அடக்கி, முட்டை வெளிவராமல் தடுப்பதுதான் அந்த மாத்திரையின் வேலை. இடையில் சில நாள் நிறுத்தும்போது ஹார்மோன் குறைவதால் உதிரம் வரும், அவ்வளவுதான். அந்த 28 நாள் கணக்கு மாத்திரை அட்டையின் கணக்கு. அதனால் மாத்திரை ஆரம்பிப்பதற்கு முன்னால் எப்படி வந்தது என்று யோசித்துப் பாருங்கள். அப்போதும் தள்ளித் தள்ளித்தான் வந்தது என்றால், இவ்வளவு நாள் மறைந்திருந்த விஷயம் இப்போது வெளியே தெரிகிறது என்று அர்த்தம்.

அப்புறம், கருமுட்டை 14-ஆம் நாள் வரும் என்ற கணக்கை மறந்துவிடுங்கள். அடுத்த மாதவிடாய்க்கு ஏறக்குறைய 14 நாள் முன்னால் என்பதுதான் சரி. முட்டை வெளியாகியிருந்தால், அந்த 36 நாள் சுழற்சியில் 22-ஆம் நாள் வாக்கிலும், 51 நாள் சுழற்சியில் 37-ஆம் நாள் வாக்கிலும் ஆகியிருக்கும். இதனால்தான் முட்டை வெளியானதா என்று பார்க்கும் '21-ஆம் நாள் புரொஜெஸ்டிரான்' ரத்தப் பரிசோதனை உங்களைப் போன்றவர்களை வீணாகப் பயமுறுத்திவிடுகிறது, அந்த நாளில் முட்டையே வந்திருக்காதே! வெள்ளைப்படுதல் முட்டையின் வெள்ளைக்கரு மாதிரி வழுவழுப்பாக, இழுத்தால் நீளும்படி இருக்கும் நாட்களைக் கவனியுங்கள், அவைதான் கருத்தரிக்க ஏற்றவை. முட்டை வெளியாகப் போகிறதா என்று சிறுநீரில் பார்க்கும் ஓவுலேஷன் கிட் உதவும், ஆனால் பிசிஓஎஸ் (முட்டை சரியாக வெளிவராமல் நாள் தள்ளிப் போகும் ஹார்மோன் கோளாறு) இருந்தால் முட்டை வராமலே 'பாசிட்டிவ்' காட்டக்கூடும். விந்தணு ஐந்து நாள் வரை உயிரோடு இருக்கும் என்பதால், நாள் பார்த்துத் தவிப்பதைவிட இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை உறவு வைத்துக்கொள்வதே எளிது.

பொதுவாக மூன்று மாதம் வரை பொறுத்துப் பார்க்கலாம் என்போம். நீங்கள் அதைத் தாண்டிவிட்டீர்கள், 51 நாள் இடைவெளியும் வந்திருக்கிறது. பரிசோதனையில் கர்ப்பம் இல்லை என்று வந்தால், இன்னும் காத்திருக்காமல் மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள். தைராய்டு, புரோலாக்டின் (பால் சுரக்க வைக்கும் ஹார்மோன்), ஆண் ஹார்மோன் அளவு, ஒரு ஸ்கேன் ஆகியவற்றைப் பார்த்தாலே காரணம் பெரும்பாலும் பிடிபட்டுவிடும். பிசிஓஎஸ் என்றே வந்தாலும் முட்டை வளர மருந்து இருக்கிறது. பீரியட்ஸ் வந்த தேதிகளை எழுதி எடுத்துப் போங்கள். சமீபத்தில் உடல் எடை ஏறியதா, குறைந்ததா, முகத்தில் முடி, பருக்கள் உண்டா என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

ஃபோலிக் ஆசிட் தினமும் 400 மைக்ரோகிராம் சாப்பிட ஆரம்பித்துவிட்டீர்களா? இல்லையென்றால் இன்றே தொடங்குங்கள். சர்க்கரை நோயோ வலிப்பு மாத்திரையோ இருந்தால் மட்டும் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.