பிளேட்லெட் 44,000: எண்ணியது யார்?

கேள்வி: வயது 41. மாஸ்டர் செக்கப்பில் பிளேட்லெட் (ரத்தம் உறைய உதவும் தட்டணு) 52,000 என்று வந்தது. ஒரு வாரம் கழித்து வேறு லேபில் 44,000. காய்ச்சல் இல்லை, ரத்தக்கசிவும் இல்லை. இணையத்தில் தேடினால் ரத்தப் புற்றுநோய் என்கிறது. பப்பாளி இலைச் சாறு குடிக்கிறேன். மருந்துக்கடையில் கொடுத்த மாத்திரையும் ஐந்து நாளாகச் சாப்பிடுகிறேன். முடி கொட்டுகிறது, ஈஎஸ்ஆர் (ரத்தச் சிவப்பணு படியும் வேகம்) 28. ரிப்போர்ட்டுகளை இணைத்திருக்கிறேன்.
- ஈரோடு வாசகி

பதில்: முதலில் அந்த மாத்திரை. அட்டையின் படத்தைப் பார்த்தேன், ஸ்டீராய்டு. நோய் இன்னதென்று தெரியுமுன் ஸ்டீராய்டு போடுவது, திருட்டுப்போன வீட்டில் போலீஸ் வருவதற்குள் தரையைக் கழுவிவிடுகிற வேலை. நீங்கள் பயப்படுகிற நோயே இருந்திருந்தாலும், எலும்பு மஜ்ஜைப் பரிசோதனையில் அது பிடிபடாமல் போயிருக்கலாம். ஐந்து நாள்தானே, இன்றே நிறுத்துங்கள். (வாரக்கணக்கில் ஸ்டீராய்டு எடுப்பவர்கள் இதைப் படித்துவிட்டுச் சட்டென்று நிறுத்தக் கூடாது.)

உங்கள் ஹீமோகுளோபின் 12.4, வெள்ளையணுக்கள் 7,800. இரண்டும் சரியான அளவுதான். ரத்தப் புற்றுநோய் மஜ்ஜைக்குள் புகுந்தால், பிளேட்லெட்டை மட்டும் குறைத்துவிட்டு மற்ற இரண்டையும் சும்மா விடுவது அபூர்வம்.

எனக்குச் சந்தேகம் அந்த எண்ணிக்கை மேலேயே. ரத்தத்தை ஊதா மூடிக் குழாயில் எடுத்தார்கள் அல்லவா? அது உறையாமலிருக்க உள்ளே ஈடிடிஏ என்ற ரசாயனம் இருக்கும். தோராயமாக ஆயிரத்தில் ஒருவருக்கு அது பட்டதும் பிளேட்லெட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். உடம்புக்குள் அல்ல, குழாய்க்குள் மட்டும். இயந்திரம் அளவை வைத்து எண்ணுவதால், கொத்தாக வருவதைப் பிளேட்லெட் கணக்கில் சேர்க்காது. நேரம் ஆக ஆக ஒட்டலும் கூடும். இரண்டாவது ரிப்போர்ட்டைப் பாருங்கள்: ரத்தம் எடுத்தது காலை 7.10, பரிசோதித்தது மதியம் 1.45. எண் இன்னும் இறங்கியதில் என்ன ஆச்சரியம்? பக்கத்தில் ஒரு நட்சத்திரக்குறி வேறு இருக்கிறது. 'எனக்கே சந்தேகம், யாராவது பாருங்கள்' என்று இயந்திரம் கேட்கிறது. இரண்டு லேபிலும் யாரும் பார்க்கவில்லை, அப்படியே அச்சடித்துக் கொடுத்துவிட்டார்கள்.

இப்போது செய்ய வேண்டியது பெரிஃபெரல் ஸ்மியர். ஒரு துளி ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் மெல்லிசாக இழுத்து, லீஷ்மேன் சாயமேற்றி, ஒரு பேத்தாலஜிஸ்ட் நுண்ணோக்கியில் கண்ணால் பார்ப்பது. ஒட்டல் இருந்தால், இழுத்த ரத்தம் மெலிந்து முடியும் வால் ஓரத்தில், சலிக்காத புட்டு மாவுபோல ஊதாக் கட்டிகளாகத் தெரியும். கூடவே நீல மூடி சிட்ரேட் குழாயிலும் ரத்தம் எடுத்து உடனே எண்ணச் சொல்லுங்கள். அதில் திரவம் கலந்திருப்பதால், வரும் எண்ணை 1.1 ஆல் பெருக்க வேண்டும். இயல்பான அளவின் கீழ்வரம்பான ஒன்றரை லட்சத்தைத் தாண்டினால் உங்களுக்கு நோயே இல்லை. ஆனால் 'ஈடிடிஏ குழாயில் என் பிளேட்லெட் ஒட்டிக்கொள்ளும்' என்று எழுதிப் பர்ஸில் வைத்திருங்கள். நாளைக்கு ஏதாவது ஆபரேஷன் என்றால், இந்தப் பொய் எண்ணைப் பார்த்துத் தேவையில்லாமல் பிளேட்லெட் ஏற்றிவிடுவார்கள். ஸ்மியரிலும் குறைவாகவே தெரிந்தால் ரத்தவியல் மருத்துவரிடம் போங்கள். அப்போதும் அது புற்றுநோயாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை.

ஒன்றை மட்டும் தினமும் பாருங்கள். கணுக்காலைச் சுற்றிக் குண்டூசித் தலை அளவில் சிவப்புப் புள்ளிகள், கண்ணாடி டம்ளரை வைத்து அழுத்தினாலும் மறையாதவை, அல்லது கன்னத்தின் உட்புறம் கறுத்த ரத்தக் கொப்புளம். இவற்றில் எது வந்தாலும், நடுராத்திரியானாலும், ரத்த வங்கி உள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். ஸ்மியர் வரும்வரை ஆஸ்பிரின், டைக்ளோஃபினாக் வேண்டாம். வலித்தால் பாராசிட்டமால்.

குழாய்க்குள் ஒட்டியதை உங்கள் வயிற்றுக்குள் போகும் பப்பாளிச் சாறு பிரிக்காது. ஈஎஸ்ஆர் 28-ஐ மறந்துவிடுங்கள். முடிக்குத் தனியாக எழுதுங்கள்.

ஸ்மியர் கேட்கும்போது, "எதுக்கும்மா, எல்லாம் மெஷினே பார்த்துடும்" என்று முகப்பில் சொன்னால், பேசிக்கொண்டு நிற்காமல் வேறு லேபுக்குப் போங்கள்.